ஏறிய வரி எப்போது இறங்கும்?

மார்ச் 4, திங்கட்கிழமை

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் குரலை உயர்த்தியிருக்கக் கூடாது. நீங்களும் டம்ளரை அந்த வேகத்தில் வைத்திருக்கக் கூடாது. இரண்டும் சரிக்குச் சரியாகப் போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் மகள், அதாவது உங்கள் மருமகள், எழுந்து நின்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். "இனிமே ரெண்டு பேரும் என் காது கேக்க எலெக்‌ஷன் பேசக் கூடாது. பேசியே ஆகணும்னா எழுதிக்குங்க. வேலைக்குப் போற வழியில நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

அவள் கோபத்தில் சொன்னாள். எனக்கு யோசனை பிடித்துப்போயிற்று. பேச்சில் உங்களை ஜெயிக்க முடியாது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் டாக்டர்களையே அடக்கி ஆண்ட ஹெட் நர்ஸ் நீங்கள். நான் கண்ணாடி அறுக்கிறவன். கண்ணாடி எதிர்த்துப் பேசாது.

ஆகவே கேட்கிறேன். சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். ஓய்வு பெற்ற கையோடு நகரசபைத் தேர்தலில் நிற்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். ஆனால் "வீட்டு வரியை எட்டில் ஒரு பங்கு ஏற்றுவேன், எனக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்கிற வேட்பாளரை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. எதை நம்பிச் சொல்கிறீர்கள்?

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கடைக்கும் வீட்டுக்கும் முப்பத்தோரு வருடமாகக் கெடு தேதிக்கு முன்பே வரி கட்டியவன். முணுமுணுக்காமல் கட்டினேன் என்று சொன்னால் என் மகளே சிரிப்பாள். முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். பதினாறு வருடம் முன்பு 'தெருவிளக்குக்காக' என்று ஏற்றினார்கள். என் கடைத் தெருவுக்கு விளக்கு வரவில்லை. நகரசபை வாசலுக்கு அலங்கார வளைவு வந்தது. வளைவு கட்டி முடித்த பிறகும் அந்த வரி அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் இப்போதைய மெம்பர் வந்தார். மூன்று தேர்தலாக அவருக்குத்தான் போடுகிறேன். அவர் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. ஆனால் என் சட்டைப் பையில் கையும் விடவில்லை. என் கணக்கில் அதுவும் ஒரு நல்ல குணம்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஏறிய வரி எப்போது இறங்கும்?

இப்படிக்கு,
உங்கள் மகனின் மாமனார்

மார்ச் 7, வியாழக்கிழமை

சம்பந்தி அவர்களுக்கு,

டம்ளருக்கு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் குரலுக்கு நீங்கள் கேட்கவில்லை, "உயர்த்தியிருக்கக் கூடாது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். குரல் போகட்டும். "ஊசி போட்டு ஓஞ்ச கை, இப்ப ஊர் பையில நுழையப் பாக்குது" என்று என் மகன் முன்னால் சொன்னீர்களே, அது போகவில்லை. இன்னும் காதில் நிற்கிறது.

எதை நம்பிச் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். போன மழைக்காலத்தில், ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, நம் வார்டிலிருந்து மட்டும் நாற்பத்தாறு பேர் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். படுக்கை போதாமல் வராந்தாவில் பாய் போட்டோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம், நோயாளியிடம் வீட்டு விலாசம் கேட்பேன். நாற்பத்தாறில் முப்பத்தெட்டு விலாசம் மூன்றே தெருவில் இருந்தது. அதில் ஒன்று உங்கள் கடைத் தெரு. உங்கள் எதிர்க்கடைத் தையல்காரர் ஐந்து வாரம் படுத்துக் கிடந்தாரே, அவர் என் ஆஸ்பத்திரி வார்டில்தான் கிடந்தார். நீங்களும் பார்க்க வந்தீர்கள்.

குடிநீர்க் குழாயும் சாக்கடையும் உங்கள் கடைக்குப் பின்சந்தில் ஒட்டி ஒட்டிப் போகின்றன. குழாய் போட்டு நாற்பத்து நான்கு வருடம் ஆகிறது. மெம்பரிடம் மூன்று முறை மனு கொடுத்தேன். "பாக்கலாம் சிஸ்டர்" என்றார், மூன்று முறையும். பிறகுதான் நானே நிற்பது என்று முடிவு செய்தேன்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். சந்தில் இருக்கிற மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் மருமகனின் அம்மா

மார்ச் 13, புதன்கிழமை

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முதலில் அந்த வார்த்தை. சொல்லியிருக்கக் கூடாது என்று இல்லை, சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள். உங்கள் மகனிடமும் நேரில் சொல்லிவிட்டேன்.

மூடியைத் திறந்து பார்த்தேன்.

நகரசபைக் குழாய்க்காரர் ஒருவர் சனிக்கிழமை சந்துக்கு வந்தார். கடையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, "அதைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு ஐயா? நாத்தம் தாங்க மாட்டீங்க." தாங்கினேன். நாலடி நீளக் குழாயில் ஏழு இடத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒரு கிளாம்ப் மேலேயே இன்னொரு கிளாம்ப். பக்கத்தில் ஒரு கை அகலத்தில் சாக்கடை. "இது குழாய் இல்ல ஐயா, மாவுக்கட்டுப் போட்ட காலு" என்றார். வருடத்துக்கு எத்தனை தடவை வருவீர்கள் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

அதோடு சும்மா இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை கடையை மத்தியானம் வரை பூட்டிவிட்டு நகரசபைக்குப் போனேன். வரி கட்டுகிற யாரும் வரவு செலவுப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கலாம் என்று ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருடமாக அந்த ரசீதைப் பத்திரமாக வைக்கிறேன், திருப்பிப் பார்த்ததில்லை. குமாஸ்தாவிடம் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "யாருக்கு சார் வேணும்?" "எனக்குத்தான்." "எதுக்கு?" "படிக்கத்தான்." எழுந்து உள்ளே போய், அவருடைய மேலதிகாரியைக் கேட்டு, அவர் வெளியே எட்டி என்னைப் பார்த்து, கடைசியில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

ஆறு வருடத்தில் அந்த மூன்று தெருக் குழாய்க்கு ஒட்டுப்போட ஆன செலவைக் கூட்டிப் பார்த்தேன். புதுக் குழாய் போட ஆகிற செலவில் பாதிக்கு மேல் போயிருக்கிறது. என் காசு மாவுக்கட்டுக்குப் போயிருக்கிறது, சம்பந்தியம்மா. வரி ஏற்றவில்லை என்று நான் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த வருடங்களில்.

இதனால் நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வளைவுக்கு வருடா வருடம் வர்ணம் அடிக்கிறார்கள். தலைவருக்குப் போன வருடம் புது வண்டி. இதையெல்லாம் நிறுத்தினாலே குழாயில் பெரும்பகுதி வந்துவிடும் போலிருக்கிறது. அப்படியானால் எட்டில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? யார் போட்ட கணக்கு? நீங்கள் இந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறீர்களா?

உங்கள் மகனின் மாமனார்

மார்ச் 27, புதன்கிழமை

சம்பந்தி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். இன்று காலை என் வீட்டுக் கதவிடுக்கில் செருகியிருந்தது. உங்கள் படம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில்: "சொந்தச் சம்பந்தியே கேட்கிறார்! பதில் எங்கே சிஸ்டர்?"

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபக் கூட்டத்தில் நான் பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அவ்வளவு அப்பாவி நான். "எட்டில் ஒரு பங்கு எந்தக் கணக்கு? எப்போது இறங்கும்?" என்று கேட்டீர்கள். கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். யாரோ சிரித்தார்கள். மெம்பருடைய ஆட்கள் கைதட்டினார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டாவது கடிதத்துக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. பதில் இல்லை. எட்டில் ஒரு பங்கு என்பது எனக்கு வேலை செய்கிற இளைஞர்களில் ஒருவர் உத்தேசமாகச் சொன்னது. சொல்ல வசதியாக இருந்தது, மேடைக்கு மேடை சொன்னேன். பிறகு அது என் கணக்கே போல ஆகிவிட்டது. நாற்பத்தாறு பேரை ஒவ்வொருவராக எண்ணியவள் இதை எண்ணாமல் விட்டேன்.

ஆனால் கடிதத்தில் கேட்ட நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் காத்திருந்திருக்கலாம். முந்நூறு பேர் முன்னால் கேட்டீர்கள். அதில் உங்கள் மகளும் இருந்தாள்.

இதற்குமேல் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 29, வெள்ளிக்கிழமை

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நோட்டீஸைப் பார்த்ததும் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு மெம்பர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கேட்காமல் என் படத்தை அச்சடிக்க இவர்கள் யார்? கேள்வி கேட்டது நான். ஆனால் அது அவர்களுக்காகக் கேட்டது இல்லை.

மெம்பர் வாசலில் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. "வாங்கண்ணே, உங்க புண்ணியத்துல வார்டே நம்ம பக்கம் திரும்பிருச்சு" என்றார். மிச்ச நோட்டீஸையெல்லாம் கொண்டுவந்து என் எதிரில் கிழித்துப் போடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சிரித்து மழுப்பினார். நான் நகரவில்லை. கிழித்தார்.

பிறகு சந்துக் குழாயைப் பற்றிக் கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்: "எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? நாலு வருஷமா தெரியும். வளைவையும் வண்டியையும் நிறுத்தணும்னா சபையில பாதிப் பேரைப் பகைச்சுக்கணும். அப்பவும் கொஞ்சம் வரி ஏத்தித்தான் ஆகணும். ஏத்தறேன்னு சொன்னா யாருண்ணே எனக்கு ஓட்டுப் போடுவா? நீங்களே போட மாட்டீங்க."

அந்த 'நீங்களே' என்னைத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதானே? நான் போட்டிருக்க மாட்டேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்காக அவருக்கு மூன்று முறை சம்பளம் கொடுத்தது நான்தான்.

கூட்டத்தில் கேட்டதற்கு வருந்துகிறேனா என்று என்னையே ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இடம் தப்பு. கேள்வி தப்பில்லை. இப்படித்தான் என்னால் எழுத முடிகிறது.

என் நிபந்தனைகளைச் சொல்லிவிடுகிறேன். வரி ஏறட்டும், ஆனால் எத்தனை வருடம் என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். கெடு முடிந்த அன்று, யாரும் கை தூக்காமலே, தானாக இறங்க வேண்டும். குழாய்க் காசு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் திட்டத்தை ஒட்டி வைக்க வேண்டும். வரி கட்டுகிற எவரும் வந்து பார்த்துக் கேட்கலாம். இவ்வளவும் எழுத்தில் வந்தால் நான் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவேன்.

உங்கள் மகனின் மாமனார்

ஏப்ரல் 8, திங்கட்கிழமை

சம்பந்தி அவர்களுக்கு,

நகரசபை மூலையில் நீங்கள் உட்கார்ந்த அதே நாற்காலியில் ஐந்து நாள் உட்கார்ந்தேன். ஒரு கால் ஆடுகிறது, நீங்கள் சொல்லியிருக்கலாம். குமாஸ்தா இப்போது என்னைப் பார்த்ததும் புத்தகத்தை எடுத்து வைத்துவிடுகிறார். "உங்க குடும்பத்துல இன்னும் எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டார்.

கணக்கு இது. வளைவு வர்ணம், வண்டி, ஒட்டுப்போடுகிற செலவு மூன்றையும் நிறுத்தினால் தேவை பாதியாகக் குறைகிறது. எட்டில் ஒன்று வேண்டாம். பதினாறில் ஒன்று போதும், நான்கு வருடத்துக்கு. ஐந்தாம் வருடம் தானாக இறங்கும். நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பிரதி உங்களுக்கு.

சனிக்கிழமை கூட்டத்தில் இதைச் சொன்னேன். "இதுவரை சொன்னது தப்பு, எண்ணாமல் சொன்னேன்" என்றும் சொன்னேன். எனக்கு வேலை செய்த இளைஞர்களில் நான்கு பேர் அன்றே போய்விட்டார்கள். அவர்களுக்குப் பூங்காவும் நூலகமும் வேண்டும். "நீங்களும் உங்க சம்பந்தி மாதிரியே ஆயிட்டீங்க சிஸ்டர்" என்றது ஒரு பெண். அவள் திட்டினாளா, என்ன செய்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வரி வேண்டாம் என்பவர்களுக்கு இதுவும் அதிகம். நிறைய வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. நடுவில் நிற்கிறேன், காற்று இரண்டு பக்கமும் அடிக்கிறது.

நேராகவே கேட்டுவிடுகிறேன். எனக்குப் போடுவீர்களா?

உங்கள் மருமகனின் அம்மா

ஏப்ரல் 24, புதன்கிழமை

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பதினேழே ஓட்டில் தோற்றுவிட்டீர்கள். எண்ணிக்கை முடிந்ததும் நீங்கள் நேராக மெம்பரிடம் போய்க் கை கொடுத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தீர்கள். நான் கதவுக்கு அருகில்தான் நின்றேன். என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டீர்கள். நான் தேர்தலுக்கு முன் பதில் எழுதவில்லை. இப்போதும் எழுதாமல் விட்டால் அது பொய் சொன்ன மாதிரி ஆகும். நான் உங்களுக்குப் போடவில்லை. மெம்பருக்குப் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிட மோசம். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு மறுநாள் காலை மெம்பரிடம் போனேன். "இதே மாதிரி நீங்களும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா எங்க கடைத் தெருவுல ஒரு ஓட்டு உங்களுக்கு விழாது" என்றேன். நிறைய நேரம் படித்தார். போட்டார். உங்கள் ஐந்து நாள் உழைப்பை நான்தான் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

எனக்குக் குழாய் வேண்டும், கெடுவும் வேண்டும். யார் ஜெயித்தாலும் இரண்டும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு பேரிடமும் எழுத்து வாங்கிவிட்டால் அப்புறம் யாருக்குப் போடுவது? வரி ஏற்றப் பயப்படுகிறவர், ஏற்றினாலும் குறைவாகத்தான் ஏற்றுவார், இறக்கவும் அவசரப்படுவார். வாக்குச் சாவடியில் நின்று அப்படித்தான் யோசித்தேன். பழக்கத்தில் கை போகவில்லை. யோசித்துத்தான் போட்டேன். நியாயம் என்று அப்போது தோன்றியது. கதவருகில் உங்கள் முகத்தைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை.

திட்டுவதானால் எழுதித் திட்டுங்கள். படிக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

ஐந்து ஞாயிறாக உங்கள் வீட்டுக்கு வரவில்லை. மகளிடம் கடையில் வேலை அதிகம் என்று சொல்கிறேன். அவள் நம்பவில்லை. "அத்தை என் லெட்டரைப் படிச்சாங்களா?" என்று கேட்டேன். "படிச்சாங்க. மடிச்சு பீரோவுல வெச்சாங்க" என்றாள்.

புதன்கிழமை நகரசபையில் தீர்மானம் நிறைவேறியது. பதினாறில் ஒன்று, நான்கு வருடம். பார்வையாளர் வரிசையில் இருந்தேன். மெம்பர்தான் தாளைப் படித்தார். எதிர்ப்பு பலமாக இருந்தது. வளைவு வர்ணம் போனதற்குத்தான் அதிகக் கூச்சல்.

அதில் இருந்த ஒவ்வொரு வரியும் உங்களுடையது. அவர் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் எழுந்து நான் சொன்னேன். எத்தனை பேர் காதில் விழுந்தது என்று தெரியாது.

உங்கள் மகனின் மாமனார்

ஆகஸ்ட் 7, புதன்கிழமை

சம்பந்தி அவர்களுக்கு,

மூன்று மாதம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதற்கு நான் மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மெம்பருக்கு ஓட்டுப் போட்டதற்காக இல்லை. அது உங்கள் உரிமை. என் தாளைக் கொண்டுபோனீர்களே, "கொண்டுபோகட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் சரி என்று சொல்லியிருப்பேனா என்று பல நாள் யோசித்தேன். மாட்டேன். அதனால்தான் நீங்கள் கேட்கவில்லை என்பதும் புரிந்தது. புரிந்தும் கோபம் குறையவில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். நான் ஜெயித்திருந்தால் நான்காம் வருட முடிவில் வரியை இறக்கியிருப்பேனா? தீர்மானத்தில் எழுதியிருந்தாலும், பூங்கா கேட்கிறவர்கள் வீட்டுக்கு வந்திருப்பார்கள். இன்னும் ஒரே ஒரு வருடம் நீட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியிருக்கும். உங்களிடம் மறைக்க விருப்பமில்லை, நிச்சயம் தோன்றியிருக்கும். அப்போதும் நீங்கள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து மானத்தை வாங்கியிருப்பீர்கள்.

சரி, இப்போது எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை அந்த மூன்று தெருவில் ஒன்றில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். நான் தினம் காலையில் நடக்கப் போகிறவள், அந்தப் பக்கமாகவே நடந்தேன். திட்டத்தை மின்கம்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், உங்கள் நிபந்தனைப்படி. குழாய்ப் பள்ளம் நான்கடி ஆழம், சாக்கடைக்கும் அதற்கும் மூன்றடி இடைவெளி என்று அதில் தெளிவாக இருக்கிறது.

இன்று தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் இறக்கிப் பார்த்தேன். இரண்டே முக்கால் அடிதான் தோண்டியிருக்கிறார்கள். இடைவெளி ஒன்றரை அடி. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். ஒட்டியிருக்கிற தாளையும் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "தோத்துப் போனவங்க இப்படித்தான் எதையாவது கெளப்புவாங்கம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க." தொழிலாளர்கள் சிரித்தார்கள். நாளை காலை எட்டு மணிக்குக் குழாயை இறக்கி மண்ணைத் தள்ளிவிடுவார்களாம். மூடிவிட்டால் அப்புறம் யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை.

இதை இன்றே உங்கள் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள். மெம்பரையும் கையோடு கூட்டி வாருங்கள், சவரம் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை. நான் கேட்டால் தோற்றவள் புலம்புகிறாள் என்பார்கள். அவருக்கு ஓட்டுப் போட்ட நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் மருமகனின் அம்மா